15 கிராம் ட்யூப்

பாறசாலையில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நான் நிற்கத் தொடங்கி 17 வருடம் ஆகிறது. களியக்காவிளை எல்லை பக்கத்தில்தான். கடைக்கு வருகிறவர்களில் மலையாளம் பேசுகிறவர்களும் உண்டு, என்னைப் போல வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் பரு என்றால் முகக்குருதான்.

போன கிறிஸ்துமஸ் லீவில் பொழியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். நர்ஸிங் படிக்கிறவள். "சேச்சி, தண்ணி பட்டாலே எரியுது" என்று துணியை விலக்கினாள். மூக்கோரமும் தாடையும் சிவந்து, செதில் செதிலாக உரிந்திருந்தன. கையில் அடாபலீன் ஜெல், 15 கிராம் ட்யூப். ஹாஸ்டல் தோழி சொன்னாளாம். காலையும் இரவும் முகம் முழுக்க அப்பி, பத்தே நாளில் ட்யூபைக் காலி செய்துவிட்டாள்.

மருந்தில் குற்றமில்லை. அதை அவள் நம்ப வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. பயந்து இதை விட்டுவிடுகிறவர்கள் நேராக வெளுப்பு க்ரீமிடம் போய் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடாபலீன், ட்ரெடினோயின் இரண்டும் வைட்டமின் ஏ குடும்பத்து மருந்துகள். ட்ரெடினோயினைப் பருவுக்குப் பூசிப் பார்த்து 1969-இல் எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். மயிர்க்கால் வாயில் செத்த தோல் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளும். உள்ளே எண்ணெய் தேங்கும். குரு அங்கேதான் பிறக்கிறது. இந்த மருந்து அந்த ஒட்டலைத் தடுக்கிறது. ஆகவே எழுந்து நிற்கிற குருவின் மேல் பொட்டு வைப்பதில் பயனில்லை, குரு வரும் இடம் முழுக்க மெல்லப் படர வேண்டும். தோல் பழக நாலைந்து வாரமாகும். அதுவரை வறட்சி, லேசான எரிச்சல், சிலருக்குக் குரு முன்னைவிடக் கூடுவதும் உண்டு. பலன் தெரிய மூன்று மாதம்.

"மக்களே, தோல் ஆறுகிறவரை ஒண்ணும் தொடாதே. தோல் டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிட்டு வா" என்றேன். வந்தாள். அட்டைப்பெட்டியின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்: ராத்திரி மட்டும், முகம் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்தபின், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, முதலில் மூன்று நாளுக்கு ஒருமுறை, கண், மூக்கோரம், உதட்டோரம் வேண்டாம், மேலே மாய்ஸ்சரைசர். பகலில் சன்ஸ்க்ரீன், எஸ்பிஎஃப் 30. கடற்கரை வெயிலில் நடக்கிற பிள்ளைக்கு அது இல்லாமல் இந்த மருந்தே கூடாது. தலையில் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழியாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னேன்.

கல்யாணமான பெண்கள் கேட்டால் ஒதுக்கமாக அழைத்து, "முழுகாம இருக்கியா?" என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பதில்லை. கர்ப்பத்தில் இந்தக் களிம்புகள் வேண்டாம். இதே குடும்பத்தில் விழுங்குகிற மாத்திரை ஐசோட்ரெடினோயின். அது கருவைக் கடுமையாக ஊனப்படுத்தும்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. கரும்படலத்துக்காக ட்ரெடினோயின், ஹைட்ரோகுவினோன், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து 1975-இல் ஒரு கலவை சொன்னவரும் கிளிக்மன்தான். டாக்டர் மேற்பார்வையில் சில வாரம் பூச வேண்டிய அந்த வகைக் கலவையை, நம் ஊர்களில் கல்யாணத்துக்கு முன் முகம் வெளுக்கவென்று மாதக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் மினுங்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, ஸ்டீராய்டாலேயே குரு கிளம்பும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்றும் பழைய ட்யூபின் மூடியைக் காட்டி "இதே போல ஒண்ணு" என்று கேட்டு வருகிறார்கள். முகக்குருவுக்கு என்று யார் எந்த ட்யூபைக் கொண்டுவந்தாலும், பின்புறம் திருப்பி மொமெடசோன், பீட்டாமெதசோன், க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டுப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஈஸ்டர் கழிந்து அந்தப் பெண் வந்தாள், துப்பட்டா தோளில் கிடந்தது. கன்னத்தில் பழைய தழும்பு கொஞ்சம், புதுக் குரு இரண்டோ மூன்றோ. சீட்டை நீட்டி அடுத்த ட்யூப் கேட்டாள்.

"முதல் ட்யூப் எத்தனை நாள் வந்துச்சு?"

"மூணு மாசம் சேச்சி. இன்னும் அடியில கொஞ்சம் கிடக்கு."