வரியும் சிக்கனமும் குளக்கட்டும்

அரசுக்கு வரவு சுருங்கிச் செலவு மிகும்போது அறிஞரிடையே மூவகைக் கருத்துகள் எழுதல் வழக்கம். வரியைத் திருத்தி வருவாயைப் பெருக்குக என்பார் ஒரு சாரார். செலவைக் குறைத்துச் சிக்கனத்தைக் கைக்கொள்க என்பார் மற்றொரு சாரார். வேலையற்றோரைக் கொண்டு வீதியும் குளமும் அமைப்பித்து, அவர் பெறுங் கூலியால் நாட்டிற் கொடுக்கல் வாங்கலைத் தழைக்கச் செய்க என்பார் மூன்றாஞ் சாரார். 1930களின் பொருளாதார மந்தத்தின்போது இம் மூன்றாங் கருத்தைக் கெயின்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் வற்புறுத்தினார். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற் அத்தகைய வேலைகளைப் பெருமளவில் நடத்தினார். இவற்றுள் எது தக்கது என்பதை ஏட்டளவில் ஆராய்வதினும், வன்னிப் பெருநிலத்துக் குளங்களைக் கொண்டு ஆராய்தல் சாலப் பயனுடைத்து.

துணுக்காய்ப் பகுதியில் மாரி மழையைத் தேக்கி வைக்குங் குளமின்றேல் நெற்கமம் நிலைபெறாது. குளமோ ஒருமுறை கட்டி விட்டுவிடத் தக்கதன்று. ஆண்டுதோறும் கட்டில் முளைக்கும் பற்றைகளை வெட்டி, மண்ணரிப்பைச் சீராக்கி, துருசையும் வாய்க்காலையுந் துப்புரவு செய்யாவிடின், ஒரு பெருமழையில் அது உடைப்பெடுக்கும். முற்காலத்தில் இப்பணி குடிகளின் கட்டாய ஊழியத்தால் நடைபெற்றது. அது பணமாகவன்றி உடலுழைப்பாக இறுக்கப்பட்ட வரி எனலாம்.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் செலவு வரவினும் மிகுந்தபோது, அதனை ஆராயக் கோல்புறூக், கமறன் என்போர் அனுப்பப்பட்டனர். அவர்தம் ஆராய்வின் பயனாக 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. சாதிக்கேற்ப மக்களை வருத்திய அம்முறை ஒழிந்தமை நன்றேயாம். ஆயின், அவ்வுழைப்பு நின்றபின் குளங்களைப் பேணுவார் யார் என்னும் வினாவுக்கு விடை காணப்படவில்லை. வன்னியில் முன்னரே காடு மூடிக்கிடந்த குளங்கள் பல, எஞ்சியவற்றையும் பேணுவாரிலர். இக்குறையை நீக்க, தேசாதிபதி சேர் ஹென்றி வாட் 1856இல் வயற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கமக்காரர் ஒன்றுகூடித் தம் பழைய நீர்ப்பாசன வழக்கங்களைத் தாமே மீட்டுக்கொள்ள அது வழிசெய்தது.

இக்காலமெல்லாம் நெல்வரி அறவிடப்பட்டே வந்தது. வரி இறுக்கவியலாத மலைநாட்டுக் கமக்காரர் பலரின் வயல்கள் 1880களில் ஏலத்தில் விற்கப்பட்டன. அதனால் எழுந்த கண்டனத்தின் பின், 1892இல் நெல்வரியை ஒழிக்க முடிவு செய்யப்பட்டது. வயலினின்று வரி கொண்டு, அவ்வயலுக்கு நீர் தருங் குளத்தைப் பேணாது விடும் அரசிறை முறை நெடுங்காலம் நில்லாது என்பதற்கு இது சான்றாம்.

இனிப் பொதுவேலையை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிளிநொச்சிக்கு அண்மையில் இரணைமடுக்குளம் அமைக்கப்பட்டது. 1950களில் துணுக்காய்க்கு அணித்தே பாலியாற்றை மறித்த தொன்மையான வவுனிக்குளம் புனரமைக்கப்பட்டது. கட்டியோர் பெற்ற கூலி அன்றே செலவாயிற்று; நீரோ இன்றும் பாய்கின்றது. கூலி உண்டு தீர்ந்தபின் எஞ்சுவது யாது என்பதே பொதுவேலையை அளக்குங் கோலாகும். எஞ்சுவது ஒன்றுமின்றேல் அது வேலையன்று, வேலையெனப் பெயரிட்ட கொடையே.

சிக்கனமும் இவ்வாறே அளக்கப்படல் வேண்டும். 1953இல் அரிசி மானியத்தைக் குறைத்து, கொத்து 25 சதமாயிருந்த பங்கீட்டரிசியை 70 சதமாக அரசு உயர்த்தியது. ஆகஸ்ற் 12இல் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. செலவுக் குறைப்பின் சுமை உலைப்பானையின்மேல் இறங்கின் குடிகள் பொறார். வரியைப் பெரிதுங் குறைத்தலுந் தீங்கே. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டது. வருவாய் வீழ்ந்தது, பெருந்தொற்றும் கடன்சுமையும் உடன்சேர, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை இறுத்தலை அரசு நிறுத்தியது. 2024 ஜனவரியில் அதே வரி 18ஆக உயர்ந்தது. குறைத்த காலத்துப் பயன் பெரும்பாலும் பொருளுடையோர்க்குச் சென்றது; உயர்த்திய காலத்துச் சுமையோ கடைக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பத்தின்மீதும் விழுந்தது.

பொருள் வரும் வழிகளை ஆக்குதல், சேர்த்தல், பேணுதல், பங்கிடுதல் என்னும் நான்கினையும் வள்ளுவர் இறைமாட்சி கூறுமிடத்து அரசின் கடனாக வைத்தார். இக்கால வாதங்கள் முதலிரண்டிலேயே பெரிதும் நின்றுவிடுகின்றன. வரியும் சிக்கனமும் பொதுவேலையும் ஒன்றற்கொன்று பகையல்ல. குளத்துக்கு வரத்து வாய்க்காலும் கட்டும் துருசும் ஒருங்கே வேண்டப்படுமாறு, அரசிறைக்கு இம்மூன்றும் வேண்டும். கட்டைத் திருத்தாது மீதப்படுத்திய பணம் சேமிப்பன்று. அடுத்த மாரிக்குத் தள்ளிவைத்த கடனேயாம். அக்கடனை இறுப்பவர் திறைசேரியார் அல்லர். குளத்தின்கீழ் வயல் விதைத்த கமக்காரரே.