பையைத் துடைத்த துணி எதைத் தேடுகிறது?

விமான நிலையத்தில் சிலருடைய பையை மட்டும் ஓரமாக எடுத்துவைத்து, சின்னத் துணித் துண்டால் ஜிப்பையும் கைப்பிடியையும் துடைத்து, அதை ஒரு பெட்டியில் செருகுவார்கள். பச்சை விளக்கு எரிந்தால் போகலாம். பையைத் திறக்காமலே அந்தப் பெட்டி எதைக் கண்டுபிடிக்கிறது?

வெடிமருந்தைத் தொட்ட கையில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கை படும் இடத்திலெல்லாம் அவையும் படியும். நானோகிராம் கணக்கில் இருந்தாலே கருவிக்குப் போதும். துணியைச் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் துகள் ஆவியாகும். பிறகு அந்த ஆவிக்கு மின்னூட்டம் ஏற்ற வேண்டும். பல கருவிகளில் அதைத் தொடங்கிவைப்பது நிக்கல்-63 என்னும் கதிரியக்கப் பொருள். டிஎன்டி போன்ற வெடிமருந்துகள் எதிர்மின் அயனியாகும். கொக்கைன் போன்ற போதைப்பொருள்கள் நேர்மின் அயனியாகும்.

இனி ஓட்டம்தான். சில சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். அதன் வாயிலில் கம்பிகளாலான ஒரு மின்கதவு. அது ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து மூடும். உள்ளே நுழைந்த அயனிகளை மின்புலம் முன்னே இழுக்க, எதிரே வரும் காற்று மூலக்கூறுகள் முட்டித் தடுக்கும். உருவம் சிறுத்தது குறைவாக முட்டி முந்தும். பரந்து விரிந்தது பிந்தும். எல்லாம் சில பத்து மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். மறுமுனையிலுள்ள உலோகத் தட்டில் எது எப்போது வந்து மோதியது என்று குறித்து, ஏற்கெனவே பதிந்துவைத்த நேரப் பட்டியலோடு கருவி ஒப்பிடும்.

அயனிகள் வாயுவில் எப்படி நகரும் என்ற கணக்கை பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லான்ஜவென் 1905-லேயே போட்டுவிட்டார். அது பகுப்பாய்வுக் கருவியானது 1970 வாக்கில்தான். 1991 வளைகுடாப் போரில் நச்சுவாயுவைக் கண்டறிய பிரிட்டிஷ் வீரர்கள் கையில் வைத்திருந்ததும் இதே வகைக் கருவி. மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் நிறைநிறமாலைமானிக்கு வெற்றிடம் வேண்டும், அதற்கு பம்பு வேண்டும். இது சாதாரணக் காற்றழுத்தத்திலேயே வேலை செய்யும். இதன் செல்வாக்குக்கு அதுதான் காரணம் என்பேன்.

ஆனால் கருவி அளப்பது நேரத்தை மட்டுமே. வேறொரு பொருள் அதே நேரத்தில் ஓடிவந்தால் ஏமாந்துபோகும். சில கை க்ரீம்கள் இப்படி மணியடிக்க வைத்ததுண்டு. இதயநோய்க்கான நைட்ரோகிளிசரின் மாத்திரை விஷயத்தில் கருவி ஏமாறுவதுகூட இல்லை; நைட்ரோகிளிசரின் உண்மையிலேயே வெடிமருந்தும்தான். ஆகவே மணி அடிப்பது சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. அதன்பின் மறுசோதனை உண்டு. அந்த மாத்திரை சாப்பிடுபவரானால் மருத்துவர் சீட்டைக் கையோடு வைத்திருங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.