விமானமேறிய மோட்டார் எஞ்சின்

தம் இல்லத்துக் கொட்டகையிலேயே விமானம் அமைத்துப் பறப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். மரமும் துணியும் அவர்க்கு எளிதிற் கிடைப்பன. எஞ்சினோ விலை மிக்கது. ஆதலின், கழித்துவிடப்பட்ட கார் எஞ்சினைப் புதுக்கி விமானத்திற் பூட்டும் வழக்கம் தோன்றிற்று.

அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்திலுள்ள செரி குறோவ் என்னும் சிற்றூரினர் பேணாட் பீற்றன்போல். அவர் தாமே அமைத்த ‘எயர் காம்பர்’ என்னும் மரவிமானத்தில், 1929ஆம் ஆண்டு, போர்ட் ‘மொடல் ஏ’ கார் எஞ்சினைப் பூட்டிப் பறந்தார். கார் எஞ்சின் பறப்புக்கு உதவாது எனக் கருதிய சஞ்சிகை ஆசிரியர் ஒருவருக்கு அவ்விமானத்தையே நேரிற் காட்டினார். அதன் வரைபடங்கள் 1932இல் அச்சேறின.

அவ்வெஞ்சின் நிமிடத்துக்கு 2200 சுற்றில் 40 பரிவலு மட்டுமே தரும். வீதியில் இம்மந்தகதி குறையாகலாம். ஆகாயத்தில் அதுவே குணம். எங்ஙனமெனின், 6 அடி நீளமான சுழல்விசிறி நிமிடத்துக்கு 4000 முறை சுழலுமாயின், அதன் நுனி செக்கனுக்கு ஏறக்குறைய 1257 அடி வேகத்திற் செல்லும். இஃது ஒலியின் வேகத்தையும் மிஞ்சியது. வலுவில் ஒரு பகுதி இரைச்சலாகவும் வீணாகும். 2000 சுற்றாயின் நுனிவேகம் அதிற் பாதியே. ஆகவே விரைந்து சுழலும் புதிய எஞ்சினுக்கு வேகங்குறைக்கும் பற்சக்கரம் வேண்டும். பழையதற்கு விசிறியை நேரே பூட்டிவிடலாம்.

பீற்றன்போல் எஞ்சினைத் திருப்பி, பறப்புச்சில்லு இருந்த முனையை முன்னாக வைத்து, அதில் விசிறியைப் பொருத்தினார். மின்கலத்தை நம்பியிராத மக்னீற்றோ பொறியெழுப்பும் வேலையை ஏற்றது. இரேடியேற்றர் விமானியின் கண்முன்னே நிமிர்ந்து நிற்கும். அழகன்று, ஆயினும் வேலை செய்தது.

இனி, கவனிக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. கார் மேட்டில் ஏறும்போது மாத்திரமே எஞ்சின் முழுவலுவை அண்மித்து உழைக்கும். விமானத்திலோ மேலெழும்போது முழுவலு. பின்னரும் மணிக்கணக்காகப் பெருவலு. அன்றியும், கிராங்குத் தண்டு எனப்படும் வளைதண்டு, தான் ஒருபோதும் தாங்கியிராத விசிறியின் இழுவையையும், விமானம் திரும்புங்கால் விசிறி உண்டாக்கும் வளைவிசையையும் தாங்கவேண்டும். உலோகம் ஒரே அடியில் முறிவதன்று. சிறு கீறலிலே தொடங்கி, சுற்றுக்குச் சுற்று வளர்ந்தே முறியும்.

1960களில் பீற்றன்போல் கையாண்ட செவ்ரலே கோர்வெயர் எஞ்சின் இதற்குச் சான்று. காற்றாற் குளிரும் ஆறு உருளைகள் கொண்ட அது போர்டினும் மென்மையாக ஓடும். ஆனால் பின்னாளில் அதனைப் பூட்டிய விமானங்கள் சிலவற்றில் வளைதண்டு வெடித்தது. பரிகாரமாக, அமோனியா வாயுவில் நெடுநேரஞ் சூடேற்றி, தண்டின் மேற்பரப்பில் நைதரசனை ஊட்டி வன்மையாக்கினர். நான்கு தாங்கிகளே இருந்த எஞ்சினுக்கு விசிறிப் பக்கத்தில் ஐந்தாவது தாங்கியும் சேர்த்தனர்.

எனினும் முன்னமே கீறிய தண்டை எவ்வைத்தியமும் மீட்காது. ஆதலால் முதலிற் தண்டைக் காந்தமேற்றி நுண்ணிய இரும்புத்தூளை இடுவர். கண்ணுக்குப் புலப்படாத கீறலிருப்பின் தூள் அவ்விடத்திற் கோடாகத் திரளும். அக்கோடு தென்பட்டால் தண்டு இரும்புக்கடைக்கே உரியது. அதில் எத்தனை மாத உழைப்புச் சென்றிருந்தாலும், மேலே பறக்கும்போது ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து பார்க்க இடமில்லையன்றோ?