டிக்கன்ஸ் மறைத்து வைத்த கதை

சென்ற ஆண்டு ஒரு தவணையில், 'என் தந்தை' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதி வருமாறு எட்டாம் வகுப்பு மாணவரிடம் கூறியிருந்தேன். திருத்துவதற்காகக் கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டு சென்றபோது, ஒன்றில் தலைப்பும் திகதியும் மட்டுமே காணப்பட்டன. அவற்றின் கீழ் ஒரு முழுப் பக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அச் சிறுவனுடைய தந்தையார் முந்திய ஆண்டில் காலமானவர் என்பதை நான் எவ்வாறு மறந்தேனோ! என்மீதே எனக்குச் சினம் உண்டாயிற்று. உறக்கம் வராத அந்த இரவில் என் நினைவுக்கு வந்தவர், ஆங்கில நாவலாசிரியரான சாள்ஸ் டிக்கன்ஸ்.

டிக்கன்ஸ் எழுதிய 'டேவிட் கொப்பர்பீல்ட்' என்னும் நாவலைச் சுருக்கப் பதிப்பிலேனும் படித்தவர்கள் நம்மிடையே பலர் உளர். அதில் பத்து வயதுச் சிறுவனான டேவிட், மதுச்சாலை ஒன்றில் போத்தல் கழுவும் வேலைக்கு அனுப்பப்படுகிறான். படிக்க வேண்டிய வயதில் இப்படியானோமே என்று அவன் மறைவாக அழும் இடத்தைப் படித்துவிட்டு, "நல்ல கற்பனை" என்று நாம் அப்பால் சென்றுவிடுகிறோம். அது கற்பனை அன்று.

1824ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், பன்னிரண்டாம் பிறந்தநாள் கழிந்த சில தினங்களில், டிக்கன்ஸ் இலண்டனில் சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். மைப் புட்டிகளை மூடிக் கட்டி அவற்றில் பெயர்த்தாள் ஒட்டுவது தொழில். கூலி வாரத்துக்கு ஆறேழு சிலிங். அம் மாதமே பேக்கரிக்காரர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய 40 பவுண் சொச்சக் கடனுக்காகத் தந்தையார் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். சிறிது காலத்தில் தாயும் இளைய பிள்ளைகளும் அங்கேயே குடிபுகுந்தனர். சாள்ஸ் வெளியே தனியே தங்கி வேலைக்குப் போய்வந்தார்.

அங்கே பொப் பேகின் என்றொரு பையன் இருந்தான். ஒரு நாள் சாள்ஸுக்கு விலாவில் கடும் நோவு கண்டபோது, வெற்றுப் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி அரைநாள் முழுவதும் ஒற்றடம் கொடுத்தவன் அவன். மாலையில் வீட்டுக்குத் துணையாக வருவேன் என்று அவன் பிடிவாதமாக நின்றான். சிறைச்சாலையைக் காட்ட வெட்கப்பட்ட சாள்ஸ், வழியில் இருந்த யாரோ ஒருவருடைய வீட்டுப் படியில் ஏறி, "இதுதான் எங்கள் வீடு" என்று பாவனை செய்து அவனை அனுப்பிவைத்தார். இத்தனை அன்பு காட்டியவனின் பெயரையே, 1837இல் தொடங்கிய 'ஒலிவர் ட்விஸ்ட்' நாவலில், சிறுவர்களுக்குத் திருட்டுப் பழக்கும் கிழவனுக்கு அவர் சூட்டினார். காயம் பச்சையாக இருக்கும்போது எழுதினால், மருந்து தடவிய கையையும் அது கடிக்கும் போலும்.

இவற்றையெல்லாம் டிக்கன்ஸ் எவரிடமும் சொன்னதில்லை. மனைவியிடங்கூடச் சொன்னதில்லை என அவரே பின்னர் எழுதினார். அந்தப் பக்கத்துத் தெருக்களையும் தவிர்த்து நடந்தார். 1847ஆம் ஆண்டளவில் அவருடைய நண்பர் போர்ஸ்டர், "சிறுவயதில் நீர் ஒரு பண்டசாலையில் வேலை செய்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னாரே" என்று தற்செயலாகக் கேட்டார். டிக்கன்ஸ் சில நிமிட நேரம் பேசவில்லை. சில வாரங்களின் பின்னரே உண்மையைக் கூறினார். பின்பு அதனைச் சுயசரிதையாக எழுதவும் முற்பட்டார். ஆனால் அது முற்றுப்பெறவில்லை. 'நான்' என்று தொடங்கி எழுத முடியாது நின்றதை, 1849இல் டேவிட் என்னும் பிள்ளையின் வாயால் ஊரறியச் சொல்லிவிட்டார். சுயசரிதைத் துண்டின் சில பகுதிகள் ஏறக்குறைய அப்படியே நாவலில் இடம்பெற்றன.

இங்கே அவர் செய்த ஒரு மாற்றத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். டேவிட்டுக்குத் தந்தை இல்லை. அவனை வேலைக்குத் துரத்துபவன், தாயை மறுமணம் செய்த கொடியவனாகிய மேட்ஸ்டன். கடனுக்காகச் சிறை செல்லும் மிக்கோபரோ, நாம் சிரித்துச் சிரித்து நேசிக்கும் மனிதர். ஒரே தந்தையை இரண்டாகப் பிரித்து, கோபத்தை ஒருவனிடமும் அன்பை மற்றவரிடமும் வைத்துவிட்டார். நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால் இது கைகூடியிராது.

ஆயினும் எல்லாம் ஆறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. தந்தையார் விடுதலையாகி, மகனை வேலையிலிருந்து நிறுத்த எண்ணிய பின்னரும், தாயார் அவனைத் திரும்ப அங்கே அனுப்பவே விரும்பினார். அதனை என்றும் மறக்க முடியாது என்று டிக்கன்ஸ் எழுதி வைத்தார். 1870இல் அவர் மறைந்து, போர்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்த பின்னரே உலகம் உண்மையை அறிந்தது.

பிற்கால உளவியலாளரும் இதனை ஆராய்ந்துள்ளனர். 1986இல் அமெரிக்க உளவியலாளர் பெனபேக்கர், மாணவர் சிலரைத் தம் வாழ்வின் பெருந்துயரத்தைப்பற்றி நாளுக்குப் பதினைந்து நிமிடமாக நான்கு நாட்கள் எழுதச் செய்தார். எழுதிய உடனே அவர்கள் மனம் சோர்ந்தனர். பின்வந்த மாதங்களிலோ மருத்துவரை நாடுவது குறைந்தது. 1996இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், தமக்கு நேராத துன்பத்தை நேர்ந்ததாகக் கற்பனை செய்து எழுதியவர்களும் அத்தகைய பயன் பெற்றனர். கதையென்று எழுதினாலும் பலன் உண்டென்பது எனக்கு வியப்பளிக்கவில்லை.

மறுநாள் அச் சிறுவனை அழைத்து, "கட்டுரை வேண்டாம், தம்பி. வேறோர் ஊரில் இருக்கும் ஒரு பையனைப்பற்றி உனக்கு விருப்பமான கதை ஒன்று எழுது" என்றேன்.

"பொய் எழுதலாமா, சேர்?"

"கதைதானே, எழுதலாம்."

ஒரு வாரத்தின் பின் ஆறு பக்கங்கள் வந்தன. (இங்கே எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன்; தான் என்று தெரியாதபடி எழுதுமாறு சொன்னான். ஆகையால் நானும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) கதைப் பையனின் வீட்டுத் திண்ணையில் தகப்பனாரின் சைக்கிள் சாத்தியபடி நிற்கிறது. ஒருவரும் அதனைத் தொடக்கூடாது. பையன் மட்டும் சனிக்கிழமைதோறும் இரகசியமாகச் சில்லுகளுக்குக் காற்று அடித்து வைக்கிறான். கடைசிப் பக்கத்தில் தாயாரே அதனை வெளியே எடுத்துத் தூசு துடைக்கிறார். பையன் தம்பியைப் பின்னால் இருத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான்.

ரகர றகரப் பிழைகள் மூன்று இருந்தன. பென்சிலால் அவற்றை மட்டும் திருத்திக் கொடுத்தேன். புள்ளி இடவில்லை.