டி.சி. இன்னும் கைக்கு வரவில்லையா? கல்லூரிச் சேர்க்கை முடிவதற்குள் செய்ய வேண்டியவை

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வந்துவிடுகின்றன. அடுத்த சில வாரங்களிலேயே கலை அறிவியல் கல்லூரி, பொறியியல் கலந்தாய்வு, நர்சிங், பாலிடெக்னிக் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும். அந்த நாட்களில் நம் ஜமாஅத்களிலும் கல்வி வழிகாட்டி முகாம்களிலும் பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பள்ளிக்கூடத்தில் இன்னும் டி.சி. தரவில்லை. நாளைக்குக் கல்லூரியில் கடைசி நாள். என்ன செய்வது?"

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. நம் வீடுகள் பலவற்றில் அத்தா சவூதியிலோ துபாயிலோ இருப்பார். உம்மாதான் பள்ளிக்கூட வாசலுக்கு நடக்க வேண்டும். "ஹெச்.எம். இல்லை, நாளைக்கு வாங்க" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினால் நான்காவது முறை போக மனம் வராது. ஆண் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணானால் அடுத்த வருடம் எங்காவது சேர்த்துவிடுகிறோம். பெண் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்தால் வரன் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், படிப்பு அதோடு நின்றுவிடுகிறது. ஒரு காகிதம் தாமதமானதற்காகப் படிப்பு நின்றது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

எது பள்ளிக்கூடம் தருவது, எது தாலுகா தருவது?

முதலில் காகிதங்களை இரண்டு கட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் என்ற டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், இந்தப் பள்ளியில் இந்த வகுப்பு முதல் இந்த வகுப்பு வரை படித்தார் என்ற போனஃபைட் சான்றிதழ் ஆகியவை பள்ளிக்கூடத்தின் வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவை வருவாய்த்துறையின் வேலை. இரண்டாவது கட்டுக்குப் பள்ளிக்கூடத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, பிளஸ் டூ தேர்வு நடக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு மட்டும் வீட்டில் உள்ள மற்றவர்களின் கல்விச் சான்றுகளையும் கேட்பார்கள். அண்ணன், அக்காவின் பழைய டி.சி. எங்கே என்று தேடவே சில நாட்கள் போய்விடும்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நமக்குள்ள 3.5 சதவீத இடஒதுக்கீடு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் என்ற பி.சி.எம். பிரிவுக்கு உரியது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் இதில் அடக்கம்), தக்கனி முஸ்லிம், ஷேக், சையத், மாப்பிள்ளா, துதேகுலா, அன்சார் ஆகிய ஏழு பிரிவுகளே அந்தப் பட்டியலில் உள்ளன. உங்கள் பிரிவின் பெயர் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்று பல டி.சி.க்களில் சாதிக்கான இடத்தில் வருவாய்த்துறைச் சான்றிதழைப் பார்க்கவும் என்றே அச்சாகி வருகிறது. அதனால் டி.சி.யை மட்டும் நம்பி கலந்தாய்வுக்குப் போனால் பிள்ளையைப் பொதுப் பிரிவில் வைத்துவிடும் நிலை வரலாம்.

ஏன் தாமதமாகிறது?

எல்லாத் தாமதமும் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. அரசுப் பள்ளி என்றால் மே மாதம் விடுமுறை. தலைமையாசிரியர் மாறுதலில் போயிருப்பார், புதியவர் இன்னும் வந்திருக்க மாட்டார், அலுவலகத்தில் ஒரே ஒரு எழுத்தர் இருப்பார். டி.சி. இப்போது எமிஸ் தளத்தின் வழியாகத் தயாராகிறது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவை அதில் தவறாகப் பதிவாகியிருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். நூலகப் புத்தகம் திருப்பித் தரவில்லை, ஆய்வுக்கூடப் பொருள் பாக்கி என்று சில்லறைக் காரணங்களும் உண்டு. இதையெல்லாம் ஒரு நாள் நேரில் உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

தனியார் பள்ளிகளில் பெரும்பாலும் காரணம் கட்டணப் பாக்கி. சில இடங்களில் பேருந்துக் கட்டணம், சில இடங்களில் கடைசி நேரத்தில் முளைக்கும் 'பிற கட்டணம்'. எந்தக் காரணத்தால் தாமதம் என்று தெரிந்துகொள்ளாமல் சண்டைக்குப் போனால், ஒரு நாளில் முடிய வேண்டியது பத்து நாள் இழுக்கும்.

வாய்மொழியாகக் கேட்காதீர்கள்

நாம் சொல்லும் எல்லா வழிகளிலும் அதிகம் பயன் தருவது இதுதான்: எழுதிக் கேளுங்கள். ஒரு வெள்ளைத் தாள் போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண், தேர்வுப் பதிவெண், என்னென்ன சான்றிதழ் தேவை, எந்தக் கல்லூரியில் எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதுங்கள். கல்லூரியின் சேர்க்கை அறிவிப்பையோ அழைப்புக் குறுஞ்செய்தியையோ நகலெடுத்து இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அன்றே அந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பள்ளியின் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

"பத்து தடவை போய்க் கேட்டேன்" என்று மேலதிகாரியிடம் சொன்னால் அதற்கு ஆதாரம் இல்லை. முத்திரை விழுந்த ஒரு தாள் இருந்தால் பேச்சே வேறு. பாதிப் பிரச்சினைகள் அந்த முத்திரை விழும் இடத்திலேயே முடிந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

பேசப் போகும்போது பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு போக வேண்டாம். அந்தத் தலைமையாசிரியரைத் தெரிந்த ஜமாஅத் நிர்வாகி ஒருவரோ, அந்தப் பள்ளியில் படித்த முன்னாள் மாணவர் ஒருவரோ உம்மாவுடன் கூடப் போனாலே போதும். கூட்டமாகப் போனால் பள்ளி நிர்வாகம் தன் கௌரவத்தைக் காப்பாற்றப் பார்க்கும், காகிதம் அங்கேயே கிடக்கும்.

அதற்குள் கல்லூரிப் பக்கம் சும்மா இருக்கக் கூடாது. விண்ணப்பிப்பதற்குப் பெரும்பாலும் டி.சி. தேவைப்படாது. பதிவெண்ணும் மதிப்பெண்ணும் இருந்தால் விண்ணப்பிக்கலாம், டி.சி. சேரும்போதுதான் கேட்பார்கள். டி.சி. வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்து கடைசித் தேதியை விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு. தற்காலிக மதிப்பெண் சான்றிதழை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டிஜிலாக்கர் வழியாக வரும் மதிப்பெண் சான்றிதழ் சட்டப்படி அசலுக்குச் சமம். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு டிஜிலாக்கர் கணக்கைத் திறப்பதற்கான இரகசிய எண்ணைப் பள்ளிக்கூடமே தரும். அதைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

சேர்க்கை நாள் வந்தும் டி.சி. வரவில்லை என்றால், முத்திரை வாங்கிய அந்தக் கடிதத்தின் நகலோடு கல்லூரி முதல்வரிடம் போய், இத்தனை நாளில் ஒப்படைக்கிறேன் என்று உறுதிமொழி எழுதிக்கொடுத்து அவகாசம் கேளுங்கள். கட்டணத்தைக் கட்டிவிட்டால் பல கல்லூரிகள் அவகாசம் கொடுப்பதுண்டு. அந்த அவகாசத்தையும் எழுத்தில் வாங்குங்கள். பொறியியல் கலந்தாய்வில் சேவை மையங்கள் இருக்கின்றன. தரவரிசைப் பட்டியல் வந்தபின் குறைகளைத் தெரிவிக்கச் சில நாட்கள் தருவார்கள். ஒரு சான்றிதழ் விடுபட்டிருந்தால் அந்த நாட்களுக்குள் மையத்துக்கு நேரில் போய்விடுங்கள்.

கட்டணப் பாக்கி என்று நிறுத்தி வைத்தால்

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், டி.சி. என்பது பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று கடுமையாகச் சொன்னது. கட்டணம் பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையிலான வழக்கு, அதற்குப் பிள்ளையின் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவும் டி.சி.யை உடனே தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையிலான கல்விக்கானது. பிளஸ் டூ பிள்ளைக்கு அந்தப் பிரிவை எடுத்துக்காட்டி வாதாடினால் பள்ளியில் சிரிப்பார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

நம் கருத்து இது. உண்மையிலேயே கொடுக்க வேண்டிய பாக்கி என்றால் அது கடன். தவணை கேட்டாவது, ஜமாஅத் கல்வி நிதியில் உதவி கேட்டாவது கொடுத்துவிட வேண்டும். நியாயமற்ற கட்டணம் என்றால், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதல் என்றால் குழுவிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் நாளை சேர்க்கை என்ற நிலையில் அந்தப் புகார் இன்று டி.சி.யைக் கொண்டுவராது. ஆட்சேபத்துடன் கட்டுகிறோம் என்று எழுதிக்கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு கட்டிவிட்டு, வழக்கைப் பிறகு நடத்துவதே பிள்ளைக்கு நல்லது. ரசீது தராத பணத்தை மட்டும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

எழுதிக்கொடுத்து மூன்று வேலை நாட்களாகியும் அசைவில்லை என்றால் மேலே போகலாம். தனியார் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், அரசு, உதவிபெறும் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் எண் போட்டு ரசீது தருவார்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417, முதல்வரின் உதவி மையமான 1100 ஆகிய எண்களிலும் பதிவு செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடச் சிலர் சொல்வார்கள். அதற்குப் பதில் வர 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் வகுப்பே தொடங்கிவிடும்.

முஹம்மதா, முகமதா?

டி.சி. கைக்கு வந்தவுடன் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முகமது, ஆதாரில் முஹம்மது, டி.சி.யில் மொகமது, ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால். பெண் பிள்ளைகளுக்கு பீவி, பானு, பேகம் ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. நம் வீடுகளில் இது சர்வசாதாரணம். பின்னால் கல்வி உதவித்தொகைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இதுவே தடையாக நிற்கும். டி.சி.யில் உள்ள பிழையைத் தலைமையாசிரியரே திருத்தித் தருவார். மதிப்பெண் சான்றிதழில் உள்ள பிழை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும், நாளாகும். தேர்வுக்கு முன் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லும்போதே பார்த்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. எட்டு வரை ஒரு பள்ளி, பிறகு வேறு பள்ளி என்றால் இரண்டு பள்ளியிலும் போனஃபைட் வாங்க வேண்டும். பழைய பள்ளியில் பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அங்கேதான் முதலில் போக வேண்டும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் படித்த பள்ளி விவரமும் எமிஸ் எண்ணும் தேவை.

அலீகர், ஜாமியா மில்லியா போன்ற வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் பிள்ளைகளிடம் மைக்ரேஷன் சான்றிதழும் கேட்பார்கள். அதைத் தருவது பள்ளியல்ல, தேர்வு நடத்திய வாரியம். வளைகுடாவில் பள்ளிப் படிப்பை முடித்து ஊருக்கு வரும் பிள்ளைகள் அங்கிருந்து கிளம்பும் முன்பே டி.சி.யையும் சான்றொப்ப வேலைகளையும் முடித்துவிட வேண்டும். விசா முடிந்து குடும்பம் ஊருக்கு வந்தபின் அந்தப் பள்ளியில் போய்க் கேட்க அங்கே நமக்கு ஆள் இருக்காது.

அசல் டி.சி.யைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன் ஐந்து நகல் எடுத்து, கைப்பேசியிலும் படம் பிடித்து வையுங்கள். ஜூனில் ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, ஆகஸ்டில் பொறியியல் இடம் கிடைத்து அதே டி.சி.யைத் திரும்பக் கேட்கும் நிலை பலருக்கு வருகிறது. "கொடுத்த டி.சி. திரும்ப வராது, மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டு" என்று மிரட்டும் இடங்கள் இருக்கின்றன. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலை இணைத்து, பள்ளிக்கூடத்துக்கு எழுதியதைப் போலவே தேதியோடு எழுதிக்கொடுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.