அடிபட்ட மானும் தடமறியும் நாயும்

கடலையும் வலையையும் நம்பி வாழ்ந்த மயிலிட்டியிலே மான் ஏது? புள்ளிமானைக் காண விரும்பும் யாழ்ப்பாணத்தவர், திருக்கோணேஸ்வர தரிசனத்துக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் அச்சமின்றி மேயும் கூட்டத்தைப் பார்த்துத் திருப்தியடைவதே வழக்கம். ஆயினும், 1990இல் ஊரைவிட்டு நீங்கித் தேசாந்தரங்களிற் சிதறியவரும், 2017இல் துறைமுகம் மீளக் கிடைத்தபின் ஊர் பார்க்க வருபவருமான மயிலிட்டியாருள் ஜெர்மனிவாசிகள் எவரேனும் இருந்தால், அந்நாட்டுக் காட்டோரங்களில் நீண்ட வாரின் முனையிலே, குரைக்காமல், நிலத்தை முகர்ந்து முகர்ந்து செல்லும் நாயை அவர் கண்டிருக்கக்கூடும். சன்னம் பட்டும் சாகாமல் ஓடி மறைந்த மானைத் தேடிக் கண்டுபிடிப்பதே அந்நாயின் உத்தியோகம்.

வேட்டைநாய் என்றதும் நம் மனத்தில் எழுவது வேகம். இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் மெச்சுகிறவர்கள் அவற்றின் பாய்ச்சலையே மெச்சுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் வசித்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், நாய்க்கூட்டத்தை ஏவி மரையை ஆற்றுக்குள் மடக்கிக் கத்தியால் குத்தி வீழ்த்தியதைப் பெருமிதத்தோடு நூலாகவே எழுதினார். அது துரத்தல், இங்கே வேண்டுவது தேடல். கண்ணால் வேட்டையாடும் நாய், குறுக்கே ஓடும் ஆரோக்கியமான மானைக் கண்ட மாத்திரத்தில், அடிபட்ட பிராணியை மறந்துவிடும்.

இரத்தத்தைப் பின்தொடர்வதற்கு இத்தனை சாமர்த்தியம் எதற்கு என்று கேட்கலாம். வயிற்றிலே சன்னம் பட்ட மான் பெரும்பாலும் இரத்தம் சிந்துவதில்லை. கொழுப்போ குடலோ காயத்தின் வாயை அடைத்துவிடுகிறது. அப்போது நாய்க்குத் துணையாவது, பிளவுண்ட குளம்புகளின் இடையிலுள்ள சுரப்பி அடிக்கு அடி நிலத்தில் பதித்துச் செல்லும் வாசனையே. உடனே துரத்தினால் காயம்பட்ட மான் மேலும் ஓடும் என்பதால், சில மணி நேரம் அதைப் படுக்கவிட்டு, அதன் பின்பே ஏறத்தாழ பத்து மீற்றர் வாரில் நாயைப் பிடித்துக்கொண்டு புறப்படுவார்கள். ஆகவே மூக்கின் நுட்பத்தோடு, ஆறிப்போன தடத்தையும் விடாத பொறுமையும், பிற மான்களின் வாசனைக்கு மயங்காத வைராக்கியமும் கூடிய ஜாதியே இதற்குத் தகும்.

இப்பணிக்கென்றே வளர்க்கப்பட்டவற்றுள் முதன்மையானது ஹனோவர் மோப்பநாய்; அதைப் பேணுவதற்கென 1894இல் ஒரு சங்கமே தோன்றியது. கனத்த உடம்பும் நிதானமான சுபாவமும் உடைய அது, இதையன்றி வேறு வேலைக்கு உகந்ததன்று. மலைப்பாறைகளில் அது திணறுவதைக் கண்டு, இலகுவான நாய்களோடு கலந்து உருவாக்கியதே பவேரிய மலைமோப்பநாய். ஆண்டுக்குச் சில தடவை மட்டுமே தேடப் போகிறவனுக்கு இவ்விரண்டும் வீண் ஆடம்பரம் என்பேன். வீட்டு மூலையிலே சுருண்டு கிடக்கும், ஒன்பது கிலோவளவு எடையுள்ள, முரட்டு மயிர் டாக்ஸ்ஹூண்டே அவனுக்குப் போதும். அதன் குட்டைக்கால்கள் பரிகாசத்துக்குரியவை அல்ல. மூக்கு எப்போதும் நிலத்தருகே இருப்பதும், பின்னால் நடக்கும் மனிதன் இழுபடாமல் இருப்பதும் அவற்றாலே கிடைக்கும் லாபம். அமெரிக்காவில் ஜான் ஜென்னனி என்பவர் வெண்வால் மான்களைத் தேட இந்த ஜாதியையே பழக்கி, அங்கே இவ்வழக்கம் பரவக் காரணமானார்.

புள்ளிமானும் மரையும் சட்டத்தின் காப்பில் இருக்கும் இலங்கையிலே, இத்தகைய நாய்க்கு நேர்மையான வேலை இல்லை. வன்னிக்காட்டில் கட்டுத்துவக்கு வைப்பவனுக்கு அது கைகொடுக்காதிருப்பதே நல்லது. ஜெர்மனியிலோ, காயம்பட்ட விலங்கைத் தவிக்கவிடாமல் தாமதமின்றிக் கொன்றுவிடுவது வேட்டைக்காரனுக்குச் சட்டம் விதித்த கடமை. அதனால் நாய்க்கும் பரீட்சை உண்டு: கால் லீற்றர் இரத்தத்தைத் துளித்துளியாகத் தெளித்து ஆயிரம் மீற்றர் நீளத்துக்குத் தடம் இட்டு, குறைந்தது இருபது மணி நேரம் ஆறவிட்டு, அதன்பின் நாயை அழைத்து வருவார்கள். ஜாதிப் பெருமைக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. தடத்தை விட்டு விலகிய நாயை இரண்டு முறை வரை திருப்பி அழைத்து விடுவார்கள், மூன்றாம் முறையும் விலகினால் அன்றைய பரீட்சையில் அது தோற்றதாகும்.