இருபத்தைந்தில் ஒரு பங்கு

தாமிரபரணிக் கரையூர்களில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்தவர்களுக்கு முதல் வாகனம் பனங்காய் வண்டிதான். நுங்கு தோண்டித் தின்ற காய்கள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, கவட்டையுள்ள நீண்ட கம்பை அந்தக் குச்சியின் நடுவில் கொடுத்துத் தள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கினால், கோடைக்கால மத்தியானம் முழுவதும் அந்த ரதத்துக்கு ஓய்வு கிடையாது. ஆனால் எந்தப் பையனும் அந்த வண்டியைச் செய்தபடியே நெடுநாள் வைத்திருக்கமாட்டான். ஒருவன் சிறிய காயைக் கழற்றிவிட்டுப் பெரிய காயை மாட்டுவான். இன்னொருவன் சோடா மூடிகளைத் தட்டையாக்கிக் கம்பியில் கோத்து ஓசை எழுப்புவான். வேறொருவன் இன்னும் ஒரு ஜோடிக் காய் சேர்த்து அதை லாரி என்பான். கையில் வந்த வண்டியைத் தன் வண்டியாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்ற இந்த ஆசை வயது ஏறியும் அடங்காதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 'ஹாட் ராட்' என்னும் பந்தய மோட்டார்களின் சிற்றுருவங்களைப் பெட்டியில் வாங்கி, பெட்டியோடு வந்த குறிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, தம் மனோபாவத்துக்கு இசைந்தபடி அவற்றை மாற்றி அமைப்பதை அவர்கள் ஒரு வித்தையாகவே வளர்த்திருக்கிறார்கள்.

ஹாட் ராட் என்பது இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1932-ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனி, பெரும்பாலும் செல்வந்தர்களின் மோட்டார்களிலேயே காணப்பட்ட எட்டு சிலிண்டர் 'வி-8' எஞ்சினைச் சாமானியர் வாங்கத்தக்க விலையுள்ள காரில் பொருத்தி விற்றது. சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பழையனவாகி மலிவாகக் கைமாறத் தொடங்கியதும், தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை வாங்கி, பாரம் குறைவதற்காக மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு, காற்றின் எதிர்ப்பு குறைவதற்காகக் கூரையை அறுத்துத் தாழ்த்தி, எஞ்சினுக்குக் கூடுதல் கார்புரேட்டர்களை மாட்டி, மூராக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டி வேகத்தை அளந்து பார்த்தார்கள். 1937-ல் இந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கமும், 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகையும் தோன்றின. புது மோட்டார் வாங்க வகையில்லாத பிள்ளைகள், பணத்தின் இடத்தில் கைச்சாமர்த்தியத்தை வைத்துத் தங்களுக்கென்று ஒரு வாகன வகையையே சிருஷ்டித்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம்.

அதன் சிற்றுருவம் வீட்டு மேஜைக்கு வந்த கதை சுருக்கமானது. மோட்டார் விற்பனையாளர்களுக்கு விளம்பரத்துக்காகச் சிறு பிளாஸ்டிக் கார்கள் செய்துகொடுத்து 1948-ல் தொழில் தொடங்கிய ஏ.எம்.டி. என்ற அமெரிக்க நிறுவனம், 1958 முதல் அவற்றைப் பிரித்த உறுப்புகளாகவே பெட்டியில் வைத்து விற்றது. அந்தப் பெட்டியில் ஒரு காருக்கு வேண்டியதைவிட அதிகமான உறுப்புகள் இருந்தன. கம்பெனி விற்ற அசல் வடிவமாகவும் அமைக்கலாம், அலங்கார வடிவமாகவும் அமைக்கலாம், பந்தய வடிவமாகவும் அமைக்கலாம். எதை அமைத்தாலும் மற்ற இரண்டின் உறுப்புகள் மிஞ்சும். மிஞ்சியவை ஒரு டப்பாவில் சேரும். சேர்ந்தவை அடுத்த பெட்டியின் வண்டியில் போய் ஏறும். இந்தப் பெட்டியின் எஞ்சினும் அந்தப் பெட்டியின் சக்கரமுமாக, எந்தத் தொழிற்சாலையும் செய்திராத ஒரு வண்டி பிறப்பதற்கு இதைவிட நல்ல உபாயம் வேறில்லை. மற்றொரு பெரிய நிறுவனமான ரெவெல், எட் ராத் என்பவர் தம் பட்டறையில் கற்பனையாகச் செய்த விசித்திரக் கார்களையே 1960-களில் சிற்றுருவப் பெட்டிகளாக்கி விற்றது.

நம் தேசத்தில் இந்த வித்தைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் விதத்தில் எந்த வாகனத்தையும், சட்டமே இடம் கொடுத்த சில மாற்றங்கள் நீங்கலாக, மாற்றியமைக்கலாகாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. சாலையில் போகும் பிறர் உயிரை உத்தேசித்து வைத்த விதி அது. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆகவே ஓர் அம்பாசிடர் காரின் கூரையை நான்கு அங்குலம் தாழ்த்திப் பார்க்க ஒருவனுக்குத் தீராத ஆசை இருந்தால், அதை அவன் தயக்கமின்றித் தீர்த்துக்கொள்ளும் இடம் மேஜைமேல் நிற்கும் சிற்றுருவந்தான்.

சிற்றுருவத்தின் உயிர் விகிதாசாரத்தில் இருக்கிறது. கார்ப் பெட்டிகளில் பெரும்பாலும் வழங்கும் அளவு இருபத்தைந்தில் ஒரு பங்கு, அல்லது இருபத்து நான்கில் ஒரு பங்கு. பின்னதில் கணக்கு எளிது: அசலில் ஓர் அடி என்பது சிற்றுருவத்தில் அரை அங்குலம். இந்த விகிதம் நீள அகலங்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடக் கூடாது. தூரிகையால் பூசிய சாயம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் ஏறிவிட்டால், அசலில் அது இரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சுக்குச் சமானம். கதவின் இடுக்கும் கைப்பிடியின் விளிம்பும் அதில் மூழ்கிப்போகும். அதனால்தான் அனுபவசாலிகள் சாயத்தை நீர்க்கக் கரைத்து, மெல்லிய புகையாகத் தெளித்து, ஒன்று உலர்ந்தபின் ஒன்றாக ஏற்றுகிறார்கள்.

கூரையைத் தாழ்த்தும் வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். அசலில் நான்கு அங்குலம் என்றால் சிற்றுருவத்தில் நான்கு மில்லிமீட்டர். ஜன்னல் தூண்களில் அந்த நான்கு மில்லிமீட்டரைக் குறித்து, காகிதநாடா ஒட்டி, மெல்லிய ரம்பத்தால் அறுத்துக் கூரையைத் தனியே எடுத்துவிடலாம். அறுப்பது பெரிய காரியமல்ல. மறுபடி பொருத்தும்போதுதான் சங்கடம் தெரியும்: முன் தூண்கள் நேராக நிற்பவை அல்ல, பின்னோக்கிச் சாய்ந்து ஏறுபவை. ஆகவே கூரை கீழே இறங்கியதும் அதன் தூண்முனைகள் அடித்தூண்களுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி நிற்கும். அப்போது கூரையையே குறுக்கே அறுத்து, முன்பாதியை முன்னே நகர்த்தி, இடைவெளியில் பிளாஸ்டிக் பட்டையைச் செருகி நீட்ட வேண்டும். பின்னர் பட்டி போட்டு, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பிரைமர் தெளித்து, வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் பார்த்து, தென்படுகிற பள்ளத்துக்கெல்லாம் மீண்டும் பட்டி போட்டுத் தேய்க்க வேண்டும். திருநெல்வேலியின் வண்ணார்பேட்டையிலோ பேட்டையிலோ டிங்கரிங் பட்டறையின் வாசலில் சிறிது நேரம் நின்றவர்களுக்கு இந்த முறை புதிதாக இராது. நசுங்கிய காரின் கதவில் தொழிலாளி கைக்கொள்ளும் கிரமம் இதுவேதான். அவர் உள்ளங்கையால் தடவிக் கண்டுகொள்கிற மேட்டைச் சிற்றுருவம் செய்பவர் சுண்டுவிரல் நுனியால் தடவிக் கண்டுகொள்ள வேண்டும்.

ஒட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தப் பெட்டிகளின் பிளாஸ்டிக், பாலிஸ்டைரீன். கொலுப்படிக்கும் கல்யாணப் பந்தலுக்கும் நாம் வாங்கிவருகிற தெர்மோகோலும் அதே பொருளின் நுரைத்த வடிவமே. இதற்கென்று விற்கும் திராவகப் பசை இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்துவிடுவதால், உலர்ந்தபின் ஒட்டு என்று தனியாக ஒன்றும் எஞ்சுவதில்லை. அந்தப் பசையின் ஆவி மூச்சுக்கு ஆகாது. ஜன்னல் திறந்த அறையில்தான் வேலை செய்ய வேண்டும். சிறுபிள்ளைகள் தனியே செய்யவும் கூடாது.

சிறிய உருவங்களில் லயிப்பது தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு இரவல் பழக்கம் அல்ல. அம்பாசமுத்திரத்தின் கடைசல் பட்டறைகளில் பிறக்கும் மரச்செப்பு, தென்பாண்டிச் சீமையின் பெண்குழந்தைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்துவந்த சீதனம். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி, சிவப்பும் மஞ்சளுமாகப் படர்ந்து பளபளக்கும். செப்புப் பெட்டியைத் திறந்தால் குடமும் உரலும் திருகையும் ஏறத்தாழ ஒரே அளவாகவே இருக்கும். அசலின் விகிதத்தை அங்கே யாரும் தேடுவதில்லை. குழந்தையின் கையே அங்கு அளவுகோல். அது விளையாட்டுக்குப் பிறந்த பொருள். ஆகையால் அதுவே சரி. விகிதச் சிற்றுருவத்தின் தர்மம் வேறு: பார்க்கிறவன் கண்ணுக்கு, தூரத்தில் நிற்கும் அசல் வண்டியோ என்ற மயக்கத்தை அது ஒரு கணமேனும் உண்டாக்க வேண்டும். இரண்டில் எது உயர்ந்தது என்று நான் தராசு பிடிக்கவில்லை. ஆனால் செப்புக் கடைசலில் தேர்ந்த கை இருக்கும் ஊரில், சிற்றுருவ மோட்டாரின் சக்கரத்தைக் கடைந்து வாங்க ஒருவன் கடல்கடந்து ஆள் தேட வேண்டியதில்லை.

இனி என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பெட்டியை வாங்கிப் பழகட்டும். 1932 ஃபோர்டின் கூரையை அறுத்துக் கை தேறட்டும். ஆனால் தேறிய கை செய்ய வேண்டியது நம் சாலையில் ஓடிய வண்டியை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளைஞர் பலர் இப்போது பெட்டியே இல்லாமல், விளம்பரப் பலகைக்குப் பயன்படும் ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, தாங்கள் ஏறிச்சென்ற பேருந்துகளைச் சிறிதாக்கிச் செய்துவருகிறார்கள் என்பது எனக்கு மெத்த சந்தோஷம் தருகிற செய்தி. திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போகும் பேருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். பதினொரு மீட்டர் நீளமென்றால் இருபத்தைந்தில் ஒரு பங்கு 44 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள டயர் 4.2 சென்டிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள கைப்பிடிக் குழாய்க்கு ஒரு மில்லிமீட்டர் கம்பி. ஃபோம் ஷீட்டை வெட்டிய விளிம்பு கடற்பஞ்சைப்போல் துளைபட்டிருக்கும். பட்டியால் அடைக்காமல் சாயம் தெளித்தால் விளிம்பெல்லாம் சொரசொரத்துக் குட்டு வெளிப்பட்டுவிடும். பக்கத்தகட்டில் வரிசையாகத் தெரிய வேண்டிய ரிவெட் ஆணிகளை, மெல்லிய தகட்டின் பின்புறத்தில் ஊசிமுனையால் அழுத்தி எழுப்பலாம். கண்ணாடிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தாள் போதும். சென்னைக்கருகே எண்ணூரில் அசோக் லேலண்டு செய்யும் சேசிஸ், கூடு இல்லாமல், முகத்தில் துண்டு சுற்றிய டிரைவரோடு நெடுஞ்சாலையில் கரூரை நோக்கிப் போவதைக் கண்டவர்கள், சிற்றுருவத்தையும் சேசிஸிலிருந்து ஆரம்பிப்பதன் நியாயத்தை எளிதில் அறிவார்கள்.

பேருந்தின் உடல் முடிந்தபின் வருகிற கேள்வி, அதன் பக்கவாட்டில் என்ன பெயர் எழுதுவது என்பது. இங்கே கைத்தொழில் நின்று சரித்திரம் தொடங்கிவிடுகிறது. தென்மாவட்டங்களில் டி.வி.எஸ். நிறுவனத்தின் பேருந்துகள் கீர்த்தியோடு ஓடிய காலம் ஒன்று. அவை அரசுடைமையாகி 1972-ல் மதுரையைத் தலைமையாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்ட காலம் ஒன்று. அதிலிருந்து பிரிந்து 1974 ஜனவரி முதல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் நெல்லைச் சீமையில் ஓடிய காலம் ஒன்று. 1997-ல் தலைவர்களின் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டு, எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயரின்கீழ் வந்த காலம் ஒன்று. போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குத் தலைவர் பெயர் சூட்டியதை ஒட்டிச் சாதிக் கலவரங்கள் மூண்ட ஆண்டு அது. ஒரு பேருந்தின் நெற்றிப்பெயருக்குப் பின்னால் எவ்வளவு துயரம் நின்றிருக்கக்கூடும் என்பதை அன்று நாடு கண்டது. கட்டபொம்மன் என்று எழுதிய வண்டியில் 1997-க்குப் பிற்பட்ட பதிவெண்ணை ஒட்டுகிறவனை ரசிகர்கள் மன்னிக்கமாட்டார்கள். ஹாட் ராட் பிரியர்களும் இந்த விஷயத்தில் இதே கண்டிப்புள்ளவர்கள்: 1940-களின் வண்டி என்று சொல்லிவிட்டு அதில் 1960-களின் சக்கரத்தை மாட்டக் கூடாது.

வண்டிக்குப் பின்புலமாக, திருநெல்வேலியில் தாமிரபரணியின் குறுக்கே 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தை அமைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். பதினொரு வளைவுகளில் ஒவ்வொன்றும் அறுபது அடி அகலம். இருபத்தைந்தில் ஒரு பங்கானாலும் ஒரு வளைவே ஏறக்குறைய இரண்டரை அடி பிடிக்கும். ஒரு வளைவோடு திருப்தியடைவதே விவேகம்.

கட்டபொம்மன் காலத்துப் பேருந்தைச் செய்யத் துணிகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இருக்கிற புகைப்படங்கள் பல கறுப்பு வெள்ளை; அவற்றிலிருந்து பூச்சின் நிறத்தை யூகிக்கலாகாது. அந்த வண்டிகளை ஓட்டியவர்களும், டிக்கெட் கிழித்தவர்களும், பணிமனையில் ஸ்பேனர் பிடித்தவர்களும் இன்றைக்கும் நம் நடுவே முதியவர்களாக இருக்கிறார்கள். செய்து முடித்துக் கொண்டுபோய்க் காட்டிப் பாராட்டு வாங்குவது பிறகு ஆகட்டும், ஷீட்டில் கத்தி வைப்பதற்கு முன்பே அவர்களிடம் போய், "ஐயா, அந்தப் பச்சை எந்தப் பச்சை? ரப்பர் ஹாரன் எந்தப் பக்கம் இருந்தது? மணிக்கயிறு எந்த வளையத்தின் வழியாக டிரைவர் பக்கம் போயிற்று? மேலே சாமான் ஏற்றுகிற ஏணிக்கு எத்தனை படி?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். நாம் கேட்காத சங்கதிகளையும் சேர்த்தே சொல்வார்கள்.